‘நீங்களே பாத்துக்குங்கப்பா’ என்று அம்மா சொன்னால்

இன்னும் ஒரு தடவை அம்மாவிடம் தனியாகக் கேளுங்க. மார்பகப் புற்றுநோய்க்கு மார்பை முழுசா எடுப்பதா, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு வைப்பதா என்று டாக்டர் கேட்டதற்கு, ‘நீங்களே பாத்துக்குங்கப்பா’ என்றாரே, அதை மட்டும் வைத்து நீங்களும் அண்ணனும் முடிவெடுக்காதீங்க.

கதிர்வீச்சு என்றால் வாரம் 5 நாள், பெரும்பாலும் 3 முதல் 5 வாரம். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் போகணும், அதுவும் நடவு நேரத்தில். பிள்ளைகளை அலைய வைக்கக்கூடாதே என்றுதான் வாயைத் திறக்காமல் இருக்கலாம். நம்ம பக்கத்து அம்மாக்கள் அப்படித்தான்.

மருமகளோ சித்தியோ பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்வியைத் தனித்தனியா கேட்கட்டும். விவரமெல்லாம் தெரியணுமா? முடிவு யாருடையது: அம்மாவா, டாக்டரோடு சேர்ந்தா, டாக்டரேவா? (கனடாவில் டெக்னர் என்ற ஆய்வாளரின் குழு இதைக் கேட்பதற்கென்றே 5 அட்டை வைத்திருந்தது, 1997-இல் வெளியிட்டார்கள்.) ‘டாக்டரே சொல்லட்டும்’ என்றால் அதையும் மதிக்கணும்.

ஒன்று: ஆரம்ப நிலையில் இரண்டு வழியிலும் ஆயுள் ஒன்றுபோலத்தான் என்று 20 வருடம் தொடர்ந்த ஆய்வு 2002-இல் காட்டியது. ஆனால் மார்பிலேயே கட்டி பல இடங்களில் இருந்தால் நிலைமை வேறு. அதை டாக்டரிடம் உறுதிப்படுத்திக்குங்க. ஆபரேஷனுக்கு முன் மறுபடி கேளுங்க, மனசு மாறியிருக்கலாம்.