வேகமான வில்லை மெதுவான துப்பாக்கி எப்படி ஒழித்தது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "தேர்ந்த வில்லாளி ஒரு நிமிடத்தில் பத்து அம்பு விடுவான். ஆரம்பகாலத் துப்பாக்கியோ நிமிடத்துக்கு ஒரு குண்டு. குறி தப்பும், மழை பெய்தால் சுடாது. அப்படியிருந்தும் ஐரோப்பியப் படைகள் ஏன் வில்லைத் தூக்கிப் போட்டன? கணக்குத் தெரியாதவர்களா?"

நாலு வருடத்துக்கு முன்னால் என்னிடம் கேட்டிருந்தால் நானும் வில் பக்கம்தான் பேசியிருப்பேன். அப்புறம் ஒரு வில்வித்தை வகுப்பில் சேர்ந்தேன். பயிற்சியாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். "சார், உங்களுக்கு 24 பவுண்டு போதும்" என்று ஒரு வில்லைக் கொடுத்தார். நாணை இழுத்துப் பிடிக்க எவ்வளவு எடை தூக்கும் பலம் வேண்டுமோ, அதைத்தான் பவுண்டில் சொல்கிறார்கள். 24 பவுண்டு என்றால் 11 கிலோ. ப்பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன். முப்பதாவது அம்பில் தோள் நடுங்க ஆரம்பித்தது. மறுநாள் காலை சட்டை மாட்டக் கை தூக்க முடியவில்லை.

இப்போது இங்கிலாந்தின் நெடுவில்லுக்கு வருவோம். மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் 1545-ல் போர்ட்ஸ்மவுத் அருகே மூழ்கியது. 1982-ல் அதன் உடற்பகுதியைத் தூக்கினார்கள். சேறு மூடிக் கிடந்ததால் உள்ளே இருந்த பொருள்கள் கெடவில்லை. முழு வில்கள் மட்டும் 130-க்கு மேல் கிடைத்தன, அம்புகள் 3,500-க்கு மேல். அந்த வில்களை அளந்து, அதே அளவில் புதிதாகச் செய்து பார்த்தபோது இழுவிசை 100 பவுண்டிலிருந்து 180 பவுண்டு வரை வந்தது. நடுத்தரமாக 150 என்று வையுங்கள், 68 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை இரண்டரைக்கு மேல். அதை மூன்று விரலால் காதுவரை இழுத்துக் குறிபார்த்து விட வேண்டும். விட்டுவிட்டு அடுத்த அம்பை எடுக்க வேண்டும்.

இதை முப்பது வயதில் சேர்ந்து கற்றுக்கொள்ள முடியாது. ஹியூ லாட்டிமர் என்ற பாதிரியார் 1549-ல் அரசர் முன்னிலையில் செய்த பிரசங்கத்தில் தன் சிறுவயதைச் சொல்கிறார். அப்பா தனக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாராம். கையால் இழுக்காமல் உடம்பையே வில்லுக்குள் சாய்த்து இழுக்க வேண்டுமாம். வயதும் பலமும் ஏற ஏற அதற்கேற்றபடி பெரிய வில் வாங்கித் தருவாராம். மேரி ரோஸில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள்பட்டை எலும்பின் நுனி, வளரும் வயதில் ஒட்ட வேண்டியது, ஒட்டாமலே இருந்தது. சிறுவயதிலிருந்தே கடுமையான வில்லை இழுத்ததால் வந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆள் வளரும்போதே வில்லும் அவன் உடம்போடு சேர்ந்து வளர்கிறது என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட ஆள்கள் ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் ஊரே வில் பிடிக்க வேண்டும். மூன்றாம் எட்வர்ட் 1363-ல் ஒரு ஆணை போட்டார்: விடுமுறை நாளில் ஆண்கள் எல்லாரும் வில் பழக வேண்டும், பந்தாட்டம் முதலான வீண் விளையாட்டுகள் கூடாது. இதே மாதிரி ஆணையைப் பின்னால் வந்த அரசர்களும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது என்பதிலேயே தெரியவில்லையா, பையன்கள் பந்துதான் விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்று!

ஆள் மட்டும் இல்லை, பொருளும் சிக்கல்தான். நல்ல வில்லுக்கு யூ (yew) என்ற ஊசியிலை மரம் வேண்டும், அதுவும் வெளிநாட்டு யூ. 1472-ல் ஒரு சட்டம் வந்தது: குறிப்பிட்ட துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குச் சரக்குக் கொண்டுவரும் கப்பல்கள் டன்னுக்கு நான்கு வில்கட்டை கொண்டுவர வேண்டும். அம்பின் இறகுக்கு வாத்து. ஐந்தாம் ஹென்றி 1417-ல் மாவட்ட அதிகாரிகளுக்கு, ஒவ்வொரு வாத்திலிருந்தும் ஆறு இறகு பிடுங்கி அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டார். இந்த உத்தரவு எனக்கு மிகவும் பிடித்த ஆவணம். பிரான்ஸை ஜெயிக்க வாத்து இறகு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இத்தனை பாடுபட்டு என்ன கிடைத்தது? பிரான்ஸுக்கு எதிராக கிரெசி (1346), அஜின்கோர் (1415) என்று பெயர் சொல்லும் வெற்றிகள். ஆனால் அஜின்கோரில் அம்பு கவசத்தைத் துளைத்துத் தள்ளியது என்று சினிமாக் கணக்கில் நினைக்காதீர்கள். நல்ல எஃகுத் தகட்டை அம்பு துளைப்பது அபூர்வம். அம்புமழையில் குதிரைகள் மிரண்டன. கவசம் போட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டு, உழுத சேற்றில் மூச்சு வாங்க நடந்து வந்தார்கள். நெருங்கி வந்த பிறகு வில்லாளிகளே வில்லைப் போட்டுவிட்டுக் கோடரியும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

துப்பாக்கி நுழைந்தது இங்கேதான். 16-ஆம் நூற்றாண்டின் கனத்த மஸ்கட் துப்பாக்கி ஏழெட்டுக் கிலோ இருக்கும். கவைக்கோலை நட்டு அதன்மேல் குழாயை வைத்துச் சுட வேண்டும். குழாயில் வெடிமருந்து கொட்டி, குண்டு போட்டு, கம்பியால் கெட்டித்து, பக்கவாட்டுக் கிண்ணத்தில் பொடி மருந்து தூவி, வெடியுப்பில் ஊறிய திரியை ஊதி, மாட்டி, விசையை இழுக்க வேண்டும். இத்தனையும் செய்யும்போது, ஒரு கையில் திரி கனன்றுகொண்டிருக்க, பக்கத்திலேயே மருந்துக் குப்பி தொங்கும். ஆனால் குண்டு புறப்பட்டால் அதன் ஆற்றல் கனத்த அம்பின் ஆற்றலைப் போல் பத்து மடங்குக்கும் மேல். அந்த ஆற்றல் சுடுகிறவனின் தோளிலிருந்து வருவதில்லை, மருந்திலிருந்து வருகிறது. நான் சுட்டாலும் அதே வேகம், பயில்வான் சுட்டாலும் அதே வேகம்.

கவசம் செய்கிறவர்கள் இதை உடனே புரிந்துகொண்டார்கள். மார்புக் கவசத்தைச் செய்து, அதன்மேல் தாங்களே ஒரு குண்டு சுட்டு, விழுந்த குழியை அப்படியே விட்டு விற்றார்கள். இது குண்டு தாங்கும் என்பதற்கு அந்தக் குழிதான் முத்திரை. குண்டைத் தாங்க மார்புத் தகட்டைத் தடிமனாக்கினார்கள். எடை கூடியதும் கால் கவசத்தைக் கழற்றினார்கள், அப்புறம் கைக் கவசத்தையும்.

போர்க்களத்தில் இது எப்படி வேலை செய்தது என்பதற்கு இத்தாலியைப் பார்க்க வேண்டும். 1503-ல் செரிஞோலாவில் ஸ்பானியத் தளபதி கொன்சாலோ தெ கோர்தோபா ஒரு பள்ளம் வெட்டி, வெட்டிய மண்ணை மேடாக்கி, அதன் பின்னால் துப்பாக்கிக்காரர்களை நிறுத்தினார். பிரெஞ்சுக் குதிரைப்படை பாய்ந்து வந்து பள்ளத்தில் திணறியது. பிரெஞ்சுத் தளபதியே குண்டடிபட்டு இறந்தார். 1522-ல் பிகோக்காவில், அன்றைக்கு ஐரோப்பாவே நடுங்கிய சுவிஸ் ஈட்டிப்படைக்கும் இதே கதி. பள்ளம், மேடு, வரிசையாகத் துப்பாக்கி. அரைமணி நேரத்தில் சுமார் 3,000 பேர் விழுந்தார்கள். மெதுவாகச் சுடுகிறவனுக்கு முன்னால் ஒரு தடுப்பு இருந்தால் போதும். அவன் நிதானமாக அடுத்த குண்டைக் கெட்டித்துக்கொள்வான்.

இங்கிலாந்தில் இதே விவாதம் 1590-ல் சூடாக நடந்தது. சர் ஜான் ஸ்மித் வில்லுக்காக எழுதினார், நம் கேள்வியில் இருக்கும் வாதங்கள்தான்: வேகம், மழை, குறி. எதிர்த்தரப்பில் சர் ரோஜர் வில்லியம்ஸ். நெதர்லாந்தில் பல வருடம் நேரில் சண்டை போட்ட ஆள். அவர் சொன்னதுதான் என் மனத்தை மாற்றியது. 5,000 வில்லாளிகளைப் போருக்குக் கூட்டிப் போங்கள். மூன்று நான்கு மாதம் வெட்டவெளியில் கிடந்த பிறகு அவர்களில் பலமாக அம்பு விடக்கூடியவர் 500 பேர்கூடத் தேற மாட்டார்கள் என்றார். பசி, பேதி, குளிர், தூக்கமின்மை. வில்லாளியின் உடம்பு தளர்ந்தால் வில்லும் தளரும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் சுட்டாலும் துப்பாக்கிக் குண்டு அதே வேகத்தில்தான் போகும். நிமிடத்துக்குப் பத்து அம்பு என்பது முதல்நாள் காலைக் கணக்கு. தொண்ணூறாவது நாள் கணக்கை வில்லியம்ஸ் பார்த்திருந்தார். 1595-ல் அரசரவை, உள்ளூர்ப் பயிற்சிப் படைகளில் வில்லாளிகளை இனிச் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது.

இன்னொரு பக்கம் துருக்கியரைப் பாருங்கள். 1571-ல் லெபாந்தோ கடற்போரில் ஐரோப்பியக் கூட்டுப்படையிடம் உதுமானியப் படை 200 கப்பல் அளவுக்கு இழந்தது. அடுத்த வருடத்துக்குள் 150 கப்பலாவது திரும்பக் கட்டி இறக்கிவிட்டார்கள். மரமும் தச்சர்களும் இருந்தார்கள், கட்டினார்கள். ஆனால் அந்தக் கப்பல்களில் செத்துப்போன தேர்ந்த வில்லாளிகளை ஒரு வருடத்தில் எந்தத் தச்சரும் செய்து தர முடியாது. மறுபக்கம் செத்த துப்பாக்கிக்காரனுக்குப் பதிலாக ஊரில் ஒரு பையனைப் பிடித்து, சில வாரம் பழக்கினால் முடிந்தது வேலை.

சில வாரம் என்றேன். வெறுமனே சுடக் கற்றுக்கொள்ள அது போதும். எதிரி ஓடி வரும்போது வரிசை கலையாமல் சுட அது போதாது. இந்தச் சிக்கலை நெதர்லாந்துக்காரர்கள் தீர்த்த விதம் அழகானது. வில்லெம் லோடெவெய்க் என்ற நாசோ குலத்துப் பிரபு, பழைய ரோமானியப் போர்முறைகளைப் படித்துவிட்டு, 1594-ல் தன் உறவினரும் டச்சுப் படைத்தலைவருமான மாரிஸுக்குக் கடிதம் எழுதினார்: முன்வரிசை சுடட்டும், சுட்டதும் பின்னால் போய்க் கெட்டிக்கட்டும், அதற்குள் அடுத்த வரிசை சுடட்டும். தனி ஆள் நிமிடத்துக்கு ஒரு குண்டு சுட்டாலும் படை விடாமல் சுட்டுக்கொண்டே இருக்கும். கெட்டிக்கும் வேலையை நாற்பதுக்கும் மேற்பட்ட அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு 1607-ல் புத்தகமே வெளியிட்டார்கள். இன்றைக்குப் பள்ளியில் என்.சி.சி. பையன்கள் "ஒன், டூ" என்று அசைவு அசைவாகச் செய்வதன் பூர்வீகம் இதில்தான் இருக்கிறது.

(ஜப்பானில் 1575-ல் நாகாஷினோ போரில் ஓடா நோபுநாகா மூன்று வரிசையாகச் சுழன்று சுடவைத்தார் என்ற கதையைப் பின்னூட்டத்தில் யாராவது போடுவார்கள். துப்பாக்கி இருந்தது உண்மை. சுழற்சிக் கதையை இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை.)

எல்லா இடத்திலும் வில் இப்படி ஒழியவும் இல்லை. பாபர் 1526-ல் பானிபட்டில் வண்டிகளைப் பிணைத்துக் கட்டி, அதன் பின்னால் துப்பாக்கிகளையும் பீரங்கிகளையும் நிறுத்தினார், சரி. ஆனால் டெல்லி சுல்தான் இப்ராஹிம் லோதியின் படையைப் பக்கவாட்டில் சுற்றி வளைத்தது குதிரைமேல் இருந்த வில்லாளிகள். முகலாயக் குதிரைப்படையில் வில் அதன் பிறகும் பல தலைமுறை இருந்தது. ஓடும் குதிரைமேல் உட்கார்ந்து திரித் துப்பாக்கியைக் கெட்டிப்பது சர்க்கஸ் வேலை. குதிரையும் வில்லும் குடும்பத் தொழிலாக இருந்த இடத்தில் ஆளுக்குப் பஞ்சமும் இல்லை. நெடுவில்லை அரசாணை போட்டு வளர்க்க வேண்டியிருந்த ஊரில்தான் துப்பாக்கி சீக்கிரம் ஜெயித்தது.

கடைசியாக ஒன்று. இந்தக் கேள்வியை உங்களுக்கு முன்னால் கேட்டவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1776-ல் அமெரிக்கப் படையிடம் வெடிமருந்து தட்டுப்பாடு. தளபதி சார்ல்ஸ் லீக்கு எழுதிய கடிதத்தில், வில்லைத் திரும்பக் கொண்டுவரலாமே என்றார். துப்பாக்கி ஒரு குண்டு சுடுவதற்குள் நாலு அம்பு விடலாம், புகை கண்ணை மறைக்காது, அம்பு வருவதைப் பார்த்தே எதிரி பதறுவான் என்று வரிசையாக எழுதினார். எதுவும் தப்பில்லை. ஆனால் பத்து வயதிலிருந்து வில் இழுத்த தோள் அந்தக் குடியேற்றங்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

நான் அந்த வகுப்புக்கு ஐந்து மாதம் போனேன். 30 பவுண்டைத் தாண்டவில்லை.