செயற்கைக் கண்ணுக்குள் தீராத சீழ்

கேள்வி: என் கணவருக்கு வயது 48. பனையேறும்போது கருக்குமட்டை குத்தியதில், மூன்று ஆண்டுகளுக்கு முன் வலக்கண்ணை எடுத்துவிட்டு உள்ளே உருண்டை வைத்தார்கள். நான்கு மாதமாகச் சீழ் வடிகிறது. சொட்டு மருந்து விட்டால் நிற்கிறது, நிறுத்தினால் திரும்புகிறது. ஏன், டாக்டர்?
– வாசகி, திசையன்விளை

பதில்: அம்மா, உங்கள் கணவரின் குழியில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. கழற்றி மாட்டக்கூடிய செயற்கைக் கண் வெளியில் இருப்பது. கண் இருந்த இடத்தை நிரப்பும் உருண்டையோ சவ்வுக்கு அடியில் தைத்து மூடப்பட்டிருப்பது. சீழ் பெரும்பாலும் வெளிப்பொருளால்தான் வரும். அதில் கீறல் விழுந்திருக்கலாம், அழுக்குப் படிந்திருக்கலாம், அளவு பொருந்தாமல் போயிருக்கலாம். கண்ணீர்ப்பை அடைத்துக்கொண்டாலும் சீழ் வரும். இவற்றை முதலில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சீழ் திரும்பினால், உருண்டையையே சந்தேகிக்க வேண்டும். நுண்துளைகள் கொண்ட உருண்டைக்குள் ரத்தக்குழாய்கள் மெல்ல வளர்ந்து சேரும். அவை சென்று சேராத பகுதியில், மேல்சவ்வு விலகிய சிறு பிளவின் வழியாகக் கிருமி நுழைந்துவிட்டால், அது துளைகளில் படலமாக ஒட்டிக்கொள்ளும். சொட்டு மருந்து மேற்பரப்பைத்தான் கழுவும், உள்ளே போதிய அளவு எட்டாது. அதனால்தான் அடங்குவதும் கிளம்புவதுமாக இருக்கிறது. உருண்டையை அழுத்தினால் வலிப்பது, சவ்வில் சிவந்த சதைமுளை தோன்றுவது, பிளவின் வழியே உருண்டை தெரிவது ஆகியவை இதற்கான அடையாளங்கள்.

பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். செயற்கைக் கண்ணைக் கழற்றிப் பார்த்து, சீழைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுப்பார்கள். சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். மாத்திரை மருந்துக்கும் அடங்காவிட்டால் உருண்டையை எடுப்பதே வழி. கேட்கவே மனம் சங்கடப்படும்தான், ஆனால் ஊறிப்போன உருண்டையை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மருந்து விடுவதைவிட அது நல்லது. ஆறிய பிறகு வேறு உருண்டையோ, அவருடைய உடலிலிருந்தே எடுத்த தோலடிக் கொழுப்போ வைக்கலாம்.

அதுவரை நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எதுவும் விட வேண்டாம். செயற்கைக் கண்ணை வாய்க்கால் நீரில் கழுவாமல், கொதிக்க வைத்து ஆறிய நீரில் கழுவுங்கள். இமை வீங்கிக் காய்ச்சலோ கடும் வலியோ வந்தால் அன்றே புறப்படுங்கள். அறுவை செய்த இடத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள். எந்த வகை உருண்டை வைத்தார்கள் என்பது பெரும்பாலும் அதில்தான் எழுதியிருக்கும்.