சிஎஸ் 2-வில் (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம்) எதிராளி வால்ஹேக், அதாவது சுவருக்குப் பின்னால் இருப்பவரையும் காட்டிக்கொடுக்கும் ஏமாற்று மென்பொருள், போடுகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரிப்போர்ட் அடித்தும் ஏன் தடை வருவதில்லை?

முதலில் அந்த மேட்ச்சின் டெமோவை (ஆட்டத்தின் பதிவு) டவுன்லோட் செய்யுங்கள். சில நாள் போனால் கிடைக்காது. சந்தேகப்படும் ஆளின் பார்வைக்குப் போய், சுவர் வழியே ஆட்களைக் காட்டும் எக்ஸ்-ரேயை அணைத்துவிட்டு முழு மேட்ச்சையும் ஒருமுறை பாருங்கள். சுவருக்கு அப்பால் இருப்பவர்களின் உருவம் தெரியும்படி வைத்துப் பார்த்தால் யார் ஆடினாலும் ஹேக்கர் மாதிரிதான் இருக்கும். உறுத்தும் ரவுண்டுகளைக் குறித்துக்கொண்டு, இரண்டாவது முறை எக்ஸ்-ரே போட்டு, வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்துப் பாருங்கள்.

சுடுவதை வைத்து முடிவு கட்டாதீர்கள். டஸ்ட் 2 என்ற மேப்பில் ரவுண்டு தொடங்கியதும் நடுவில் இருக்கும் மிட் கதவை நோக்கி ஸ்னைப்பரால் குருட்டாம்போக்கில் ஒன்று விடுவது எல்லாரும் செய்வதுதான். அதில் செத்தால் உங்கள் நேரம் சரியில்லை, அவ்வளவே. நீங்கள் இருக்கும் இடம் எதிராளிக்கு நேர்மையாகவே தெரிய வழி உண்டு: ஓடினால் காலடிச் சத்தம் கேட்கும். கூட்டாளி கண்ணில் பட்ட எதிரி ரேடாரில் சிவப்பாகத் தெரிவார். சுவருக்குப் பின்னால் ஒதுங்கிய பிறகும் செத்தீர்களா? எதிராளி சுட்ட கணத்தில் அவர் திரையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று சர்வர் பின்னோக்கிப் போய்க் கணக்குப் போடுகிறது. பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் தாமதம்) கூடக் கூட இந்த வித்தியாசம் அதிகமாகத் தெரியும்.

தேட வேண்டியது ஒன்றுதான்: அவருக்குத் தெரிய வழியே இல்லாத ஒரு செய்தி அவர் கையில் இருந்ததா? ஷிஃப்ட் அழுத்திச் சத்தமில்லாமல் நடப்பவரை, சுவர் வழியே அவருடைய கிராஸ்ஹேர் (குறிபார்க்கும் புள்ளி) கூடவே தொடர்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் விவரமான ஹேக்கர் இதை மறைத்துவிடுவார். அவரால் மறைக்க முடியாதது காலி மூலைகள். நேர்மையாக ஆடுபவர் ஆளே இல்லாத பத்து மூலைகளையும் எட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்குவார். வால்ஹேக் போட்டவர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப்போய், ஆள் இருக்கும் மூலையில் மட்டும் நிதானிப்பார். ஒரு ரவுண்டில் நடந்தால் தற்செயல். ஆறேழு ரவுண்டிலும் அப்படியே என்றால் ரிப்போர்ட் அடியுங்கள்.

வால்ஹேக்கை அடியோடு ஒழிக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. எதிரி மூலை திரும்பிய பிறகுதான் அவர் இருக்கும் இடத்தைச் சர்வர் அனுப்புவது என்று வைத்தால், அவர் வெறும் காற்றிலிருந்து திடீரென முளைப்பார். அதனால் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பியாக வேண்டும். ஹேக் அந்தத் தகவலைத்தான் மெமரியிலிருந்து உருவுகிறது. வேலரண்ட் என்ற இன்னொரு துப்பாக்கி கேம் கடைசி நேரம்வரை அனுப்பாமல் வைத்திருப்பதால் அங்கே வால்ஹேக்கின் பலன் குறைவு. தானாகவே குறிபார்த்துக் கொடுக்கும் எய்ம்பாட்டை இது தடுக்காது. எதிரி கண்ணுக்குத் தெரிந்த பிறகுதானே அதற்கு வேலை?

தடை தாமதமாவது பெரும்பாலும் வேண்டுமென்றேதான். உடனே தடுத்தால் எந்த வெர்ஷன் மாட்டியது என்று ஹேக் விற்பவனுக்குத் தெரிந்து, மறுநாளே மாற்றிவிடுவான். 2023 பிப்ரவரியில் சிஎஸ் 2-வை உருவாக்கிய வால்வ் நிறுவனம், தன் இன்னொரு கேமான டோட்டா 2-வில் சாதாரணமாக ஆடினால் படிக்கப்படவே படாத ஒரு தரவுப் பகுதியைப் பொறியாக வைத்து, அதைப் படித்த 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை மொத்தமாகத் தூக்கியது. நிஜ மேடையிலேயே ஹேக் போட்டவர்களும் உண்டு: 2018-இல் ஷாங்காயில் நடந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணியின் ஆட்டக்காரர் ஒருவர் பிடிபட்டார். ஹேக் ஃபைலுக்கு வைத்திருந்த பெயர் 'வேர்ட்'!

தடை வரும்வரை காத்திருக்க முடியாதென்றால், சிஎஸ் 2 ஆட்டங்களைத் தனியாக நடத்தும் ஃபேஸிட் தளத்தில் ஆடலாம். அதன் ஆன்டி-சீட் (ஹேக்கைப் பிடிக்கும் மென்பொருள்) கெர்னல் மட்டத்தில், அதாவது இயங்குதளத்தின் அடிமட்டத்தில், ஓடுவதால் சாதாரண ஹேக்குகள் அங்கே நிற்பது கஷ்டம். உங்கள் கம்ப்யூட்டரில் அவ்வளவு ஆழமான அனுமதியைக் கொடுக்க மனம் வர வேண்டும்.