பழைய ஸ்டேஷன் வேகனை விற்பதும் வாங்குவதும்: கேள்வி-பதில்

குடும்பத்தோடு நெடுநாள் ஓடிய பழைய ஸ்டேஷன் வேகன்களை, அதாவது கூரை பின்கதவு வரை நீண்டு பின்சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்க இடமுள்ள கார்களைப் பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. விற்பவர்கள், வாங்கியவர்கள், ஏமாந்தவர்கள் என மூன்று தரப்பும் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்களிடம் 1990ஆம் வருட வால்வோ 240 வேகன் இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் வேலை செய்கிறது, ஆனால் கிலோமீட்டர் எண் பல வருடமாக நகரவில்லை. அதில் நிற்கும் எண்ணையே விளம்பரத்தில் போடலாமா?

பதில்: போடலாம். மீட்டர் நின்றுபோனதையும் அதே வரியில் போட வேண்டும். 240 வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கோளாறு இது. மீட்டருக்குள் இருக்கும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்துவிடும். முள் வேகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும், எண் மட்டும் நின்றுவிடும். விவரம் தெரிந்து வருபவர் ஓட்டிப் பார்க்கும்போது கடைசி எண் நகர்கிறதா என்றுதான் முதலில் கவனிப்பார். அவராகக் கண்டுபிடித்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்.

பழைய சர்வீஸ் பில்களை எடுத்து வையுங்கள். பெரும்பாலும் தேதியோடு கிலோமீட்டரும் எழுதியிருப்பார்கள். எந்தத் தேதிக்குப் பிறகு எண் மாறவே இல்லை என்று அதிலேயே தெரிந்துவிடும். அதற்கு முன் வருடத்துக்கு எவ்வளவு ஓடியது என்று பார்த்து, மீட்டரில் இருப்பது இவ்வளவு, நின்றது இந்த வருடம், உண்மையான ஓட்டம் தோராயமாக இவ்வளவு என்று எழுதுங்கள். ஓட்டத்தைக் குறைத்துக் காட்டி விற்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். விற்பதற்கு முன் பல்சக்கரத்தை மாற்றினால் அந்தப் பில்லையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: முழு வண்டிக்கும் பெயிண்ட் அடித்தால் விலை கூடுமா?

பதில்: செலவழித்த பணம் திரும்பாது. கழுவுங்கள், உள்ளே சுத்தம் செய்யுங்கள், போதும்.

கேள்வி: வண்டியின் அடிப்பாகத்தில் துரு இருக்கிறது. கறுப்புக் கோட்டிங் அடித்துவிட்டால் தெரியாது என்கிறார் மெக்கானிக். எல்லோரும் செய்வதுதானே?

பதில்: எல்லோரும் செய்வதில்லை. செய்கிறவர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அப்படி ஒரு வேகன் என்னிடமும் வந்து சேர்ந்தது. விற்றவர் அடியில் புதிதாகக் கறுப்பு அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார். ஒருநாள் டயர் மாற்ற ஜாக்கி வைத்துத் தூக்கினால், வண்டி எழும்பவில்லை, ஜாக்கிதான் உள்ளே போனது. அந்த இடத்தில் தகடே இல்லை, கோட்டிங் மட்டும்தான் இருந்தது. பின் சீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து அவ்வளவு நாளும் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

பழைய வேகன்களில் துரு பிடிக்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பின்கதவின் கீழ் விளிம்பு, பின்சக்கர வளைவுகள், ஜாக்கி வைக்கும் இடங்கள், ஸ்டெப்னி வைக்கும் குழி. பின்கதவு ரப்பர் இறுகிப்போனால் மழைத்தண்ணீர் சத்தமில்லாமல் அந்தக் குழியில் போய்த் தேங்கும். துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலே கோட்டிங் அடித்தால் ஈரம் உள்ளே அடைபடும். வெளியே நல்ல தோற்றம் இருக்க, உள்ளே தகடு அரித்துக்கொண்டே போகும். சீட் பெல்ட் பிடித்திருக்கும் இடம் வரைக்கும் துரு போயிருந்தால், விபத்தில் அந்த பெல்ட்டை நம்ப முடியாது. வாங்கப்போவதும் இன்னொரு குடும்பம்தான்.

அடிப்பாகத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், இருப்பதிலேயே மோசமான இடத்தை மிக அருகில் போய் எடுங்கள். அதற்குத் தகுந்த மாதிரி விலையைக் குறையுங்கள். துருப்பிடித்த வண்டிக்கும் ஆள் வருவார்கள். தகடு வெட்டி வெல்டிங் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், உதிரி பாகத்துக்காகவே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மெக்கானிக்கிடம் இனிமேல் வேறு எதற்கும் யோசனை கேட்க வேண்டாம்.

கேள்வி: 1970களின் ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயர் ஒன்று விலைக்கு வருகிறது. பக்கவாட்டில் இருப்பது அசல் மரம் என்று விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அது மரம் போல அச்சடித்த வினைல். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: போன மாதம் ஒரு மெர்சிடிஸ் 124 வேகன் வாங்கினேன். இரவு நேரம், மழை வேறு. விற்பவர் அவசரப்படுத்தியதால் ஒரு சுற்றுதான் ஓட்டிப் பார்த்தேன். இப்போது பார்த்தால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது, குழியில் இறங்கினால் முதுகு அதிர்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இரவில், மழையில், ஒரே ஒரு சுற்று! நனைந்த வண்டியில் கீறலும் தெரியாது, பட்டி பூசியதும் தெரியாது. அவசரப்படுத்துகிறவரிடம் 'நாளைக் காலையில் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும்.

சரி, வண்டிக்கு வருவோம். இந்த வேகன்களில் எவ்வளவு சுமை ஏற்றினாலும் பின்பக்க உயரம் மாறாமல் வைக்க ஒரு ஹைட்ராலிக் ஏற்பாடு உண்டு. நைட்ரஜன் வாயு அடைத்த உருண்டைகள் இரண்டு அதில் இருக்கும். வாயு இறங்கிவிட்டால் பின்பக்கம் கட்டை மாதிரி இறுகிவிடும். தாழ்ந்து நிற்பதற்கு ஆயில் கசிவு அல்லது உயரத்தைச் சரிசெய்யும் வால்வு காரணமாக இருக்கலாம். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் கசிவைத் தேடுங்கள். இந்த வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் காட்டுங்கள். தெரியாதவர் கையில் கொடுத்தால் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போடச் சொல்வார்.

கேள்வி: டைமிங் பெல்ட் மாற்றியாகிவிட்டது என்று விற்பவர் சொல்கிறார். பில் இல்லையாம்.

பதில்: பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் பெல்ட் அது. பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

கேள்வி: கணவர் இறந்த பிறகு அவருடைய வேகனை விற்றேன். வாங்கியவர் வெள்ளிக்கிழமை மாலை, பேசிய விலையைவிடக் கூடுதல் தொகைக்கு வங்கி டிராஃப்ட் கொடுத்தார். மிச்சத்தை வண்டியை ஏற்றிப்போக வந்த ஆளிடம் கொடுக்கச் சொன்னார், கொடுத்துவிட்டேன். டிராஃப்ட் போலி என்று இப்போது வங்கி சொல்கிறது. என் முட்டாள்தனம்தானே?

பதில்: இல்லை அம்மா. இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் செய்த வேலை இது. வங்கி மூடும் நேரமாகப் பார்த்து வருவது, கூடுதல் தொகைக்கு டிராஃப்ட் தருவது, மிச்சத்தைக் கையில் கேட்பது எல்லாம் திட்டமிட்டவை. துக்கத்தில் இருப்பவர்களைத் தேடிப் பிடிக்கவும் அவர்களுக்குத் தெரியும். குற்றம் அவர்களுடையது.

இன்றைக்கே காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பதிவு எண்ணும் சேசிஸ் எண்ணும் அதில் இருக்கட்டும். வண்டிப் பதிவு அலுவலகத்துக்கும் எழுதி, பெயர் மாற்றத்தை நிறுத்திவைக்கக் கேளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். அவர் அனுப்பிய செய்திகள் ஒன்றையும் அழிக்காதீர்கள். அப்புறம், பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று கட்டணம் கேட்டு யாராவது வந்தால் பேசவே பேசாதீர்கள். ஏமாந்தவர்களைக் குறிவைத்து இரண்டாவது முறையும் வருவார்கள்.

மற்றவர்களுக்கு: டிராஃப்ட் போட்டவுடன் கணக்கில் தொகை தெரிந்தாலும் பணம் வந்துசேர்ந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போலி என்று தெரிந்தால் வங்கி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வாங்குபவரோடு வங்கிக்கே போய் முடியுங்கள்.

கேள்வி: ஆள் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்கலாமா? காலையில் ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் அடம் பிடிக்கும்.

பதில்: கூடாது. விவரமானவர் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். அடம் பிடிப்பதைச் சொல்லிவிட்டு, அவர் கண்முன்னே ஸ்டார்ட் செய்யுங்கள். அவர் ஓட்டிப் பார்க்கும்போது லைசென்ஸைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.

கேள்வி: வண்டியை விற்று இரண்டு மாதம் ஆகிறது. வேறு யாரோ வேகமாக ஓட்டியதற்கு என் பெயரில் அபராதம் வந்திருக்கிறது. பெயர் மாற்றத்தை வாங்கியவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

பதில்: விற்ற செய்தியை நீங்கள்தான் பதிவு அலுவலகத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். விற்பனைச் சீட்டின் நகலோடு இப்போதாவது தெரிவியுங்கள், அபராதத்துக்கும் எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். சீட்டில் தேதி மட்டும் இருந்து நேரம் இல்லையென்றால், விற்ற அன்றைக்கு நடந்ததற்கெல்லாம் வாதாட வேண்டியிருக்கும். இனி விற்பவர்கள் சாவி கொடுத்த மணி, நிமிடம் வரை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.