போன் காட்டுவதை நம்பி எல்லைக்கல்லை நகர்த்தாதீர்கள்

வணக்கம் நண்பரே. உங்கள் எல்லைக்கல் 4 மீட்டர் உள்ளே தள்ளி நிற்பதாகப் போன் காட்டுகிறது, வேலியை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். திறந்த வெளியிலேயே போன் ஜிபிஎஸ் 3 முதல் 5 மீட்டர் வரை தவறும். தென்னையடியிலும் சுவரோரத்திலும் சிக்னல் பட்டுத் திரும்பி வருவதால் இன்னும் விலகும். அதே கல்மேல் போனை வைத்துக் காலையிலும் மாலையிலும் குறித்துப் பாருங்கள், புரியும்.

சர்வேயரின் ஆர்டிகே கருவி, அதாவது உடனுக்குடன் திருத்தம் பெறும் ஜிபிஎஸ் கருவி, வேறு. இடம் துல்லியமாகத் தெரிந்த பேஸ் ஸ்டேஷன் எனும் நிலையான கருவியிலிருந்து திருத்தம் வாங்கி, சில சென்டிமீட்டருக்குள் காட்டும். அதுவும் கல் நிற்கும் இடத்தைத்தான் சொல்லும். நிற்க வேண்டிய இடம் எஃப்எம்பி எனும் அரசு நில அளவை வரைபடத்தின் அளவுகளில் இருக்கிறது. அதன் நகலை எடுத்து, அரசு சர்வேயர் வந்து அளந்து காட்டும்படி மனு கொடுங்கள். அளக்கும்போது பக்கத்து நிலத்துக்காரரும் கூட இருக்கட்டும்.