மலையில் வாங்கிய இந்தியத் தேனீ சமவெளியில் நிலைக்காதது ஏன்?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கையும் தென்னையும் பயிரிட்டிருக்கிறேன். கொடைக்கானல் கீழ்மலையிலிருந்து தை மாதம் வாங்கி வந்த ஆறு இந்தியத் தேனீப் பெட்டிகளில் நான்கு, சித்திரை வெயிலில் காலியாகிவிட்டன. எங்கள் கிணற்றுச் சுவர்ப் பொந்திலிருந்து பிடித்துப் பெட்டியில் குடியேற்றிய கூட்டமோ அப்படியே இருக்கிறது. இது பரம்பரைக் குணமா, என் பராமரிப்புக் குறையா? மீண்டும் மலையிலேயே வாங்கலாமா?

பதில்: இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் மீண்டும் மலையிலிருந்து வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தியத் தேனீ ஒரே இனம்தான் என்றாலும், மலைப்பகுதியில் உள்ளவை உடல் சற்றுப் பெருத்துக் கருமையாகவும், சமவெளியில் உள்ளவை சிறுத்து மஞ்சள் கலந்தும் இருக்கும். இதைவிட முக்கியமான வேறுபாடு, இராணி எந்தப் பருவத்தில் முட்டையிடுவதைக் கூட்டுகிறது, எப்போது குறைக்கிறது என்பதில் உள்ளது. பிரான்சின் லாண்ட் பகுதித் தேனீக்கள் கோடை முடிவில் பூக்கும் ஹீதர் செடியை ஒட்டிப் புழு வளர்ப்பைப் பெருக்குபவை. அவற்றைப் பாரிஸ் பகுதிக்கு மாற்றிய பின்னும் அந்தக் கால ஒழுங்கு மாறவில்லை என்பதை லூவோ என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். 2009 முதல் 2012 வரை ஐரோப்பாவின் 11 நாடுகளில் 621 தேனீக் குடும்பங்களை வைத்து, தேனீயைத் தாக்கும் உண்ணிக்கு இரசாயன மருந்திடாமல் நடத்திய ஒப்பாய்வில், உள்ளூர் இராணியுடைய குடும்பங்கள் வெளியூர் இராணியுடையவற்றைவிடச் சராசரியாக 83 நாட்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தன. அங்கு வளர்ப்பது வேறு தேனீ இனம் என்றாலும், இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

வெயிலைத் தாங்குவதிலும் மரபுக்குப் பங்கு உண்டு. புழுக்கள் வளரும் மெழுகு அறைத் தட்டான புழு அடையின் வெப்பநிலை 33 முதல் 36 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்பதால், பணித் தேனீக்கள் தண்ணீர் கொணர்ந்து தெளித்துச் சிறகால் விசிறுகின்றன. இராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களுடன் இணைவதால், ஒரே பெட்டியில் பல தந்தை வழிப் பிள்ளைகள் இருக்கும். சில வழியினர் சிறு வெப்பத்திலேயே விசிறத் தொடங்க, மற்றவர்கள் வெப்பம் ஏறிய பிறகே சேர்வதால், அடை திடீரென்று குளிர்ந்துவிடாமலும் சூடேறாமலும் சீராக இருக்கும். அதனால் கலப்பு மிகுந்த குடும்பமே கோடையை நன்றாகச் சமாளிக்கும். ஆனால் பெட்டிக்கு நிழலும் அருகில் தண்ணீரும் இல்லையென்றால் எந்த மரபும் காப்பாற்றாது. பூக்களில் மது வற்றும் மாதங்களில் சர்க்கரைப் பாகும் கொடுத்திருக்க வேண்டும்.

காலியான பெட்டிகளின் அடைகளை ஒரு முறை பாருங்கள். புழுக்கள் அறைக்குள் நிமிர்ந்த தலையுடன், நீர் கோத்த பை போல இறந்து கிடந்தால், அது 1991-92இல் தென்னகத்துத் தேனீக்களைப் பேரளவில் அழித்த தாய் சாக்புரூட் நச்சுயிரி நோய். அந்த அடைகளை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

எஞ்சிய இரண்டு மலைக் குடும்பங்களை அகற்ற வேண்டியதில்லை. அவை இங்கே புதிய இராணியை வளர்த்தால், அது உங்கள் ஊர் ஆண் தேனீக்களுடனே பெரும்பாலும் இணையும். பழைய பணித் தேனீக்கள் மடிந்து முடிகிற இரண்டு மாதங்களில் பெட்டியில் இருப்பவை பாதி உள்ளூர் மரபுடையவையாகிவிடும். (வேறு இனமான இத்தாலியத் தேனீயுடன் கலக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு, அந்தக் கலப்பு முட்டைகள் பிழைப்பதில்லை.)

கிணற்றுக் கூட்டத்தை மட்டுமே பிரித்துப் பிரித்துப் பத்துப் பெட்டிகளாக்கும் எண்ணம் வேண்டாம். உடன்பிறந்த ஆண்களுடன் இணைந்த இராணியின் முட்டைகளில் ஒரு பகுதி பயனற்ற ஆண் புழுக்களாகும். பணித் தேனீக்கள் அவற்றைத் தின்றுவிடுவதால், மூடிய புழு அடையில் ஆங்காங்கே காலி அறைகள் தெரியும். நோயின்றியே இப்படி அடை ஓட்டையாகத் தெரிந்தால், இராணியை மாற்றுங்கள். சுற்று வட்டாரத்தில் நான்கைந்து வெவ்வேறு இடங்களிலிருந்து, மரப்பொந்து, சுவர், பழைய பானை என எங்கு கிடைத்தாலும், கூட்டங்களைச் சேர்த்து, கோடையைத் தாண்டியவற்றிலிருந்து மட்டும் பெருக்குங்கள். பிரிப்பதை மகரந்த வரத்து நன்றாக இருந்து, பெட்டிகளில் ஆண் தேனீக்கள் நடமாடும் பருவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண் தேனீ இல்லாத மாதத்தில் பிறக்கும் இராணி இணை சேராமலே நின்றுவிடும்.