தாரா (காட்டு வாத்து) வேட்டைக்குக் கூப்பிட்டால் போகலாமா?

தம்பி, கனடாவில் ஒன்ராறியோவுக்கு வந்து முதல் இலையுதிர் காலத்திலேயே வேலையிடத்து ஆட்கள் தாரா வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், போனால் ஏதும் பிரச்சினை வருமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். ஆனால் முதல்முறை துவக்கைத் தொடாமல், பார்க்க மட்டும் போங்கள். தாராவைக் கூப்பிடும் ஊதியைக் கையில் தந்தாலும் வாங்காதீர்கள்; அதை ஊதினால் நீங்களும் வேட்டையில் சேர்ந்த கணக்குத்தான்.

இலங்கையில் நம்முடைய வன்னியில் இடியன் என்கிற நாட்டுத் துவக்கோடு காட்டுக்குப் போனவர்களிடம் யார் கடதாசி கேட்டது? இங்கே கடதாசிதான் முதல். துவக்குப் பாதுகாப்பு வகுப்பு, துவக்கு உரிமம், வேட்டை வகுப்பு, மாகாண அரசின் வேட்டை அட்டை, இவ்வளவும் எடுத்த பிறகு வலசைப் பறவைக்கென்று மத்திய அரசின் அனுமதி வேறு. எல்லை தாண்டிப் பறக்கிற பறவை என்பதால் 1916 இலேயே அமெரிக்காவோடு உடன்படிக்கை செய்துவிட்டார்கள். குடியுரிமை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அது ஒரு நிம்மதி.

குளத்தடி விசயம் உங்களுக்குப் பிடிக்கும். விடியப்புறம் இருட்டோடு போய், சம்புப்புல் செருகிய மறைப்புக்குள் குந்த வேண்டும். இதைத்தான் பிளைண்ட் என்பார்கள். முத்தையன்கட்டில் வயல் காவலுக்குக் கொட்டிலில் இரவிரவாக இருந்தவருக்கு இந்த இருப்பு புதிதல்ல, குளிர்தான் புதிது. காற்று முதுகுப் பக்கம் இருக்கவேண்டும். தாரா எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அதை ஏமாற்றி இறக்கப் பிளாஸ்டிக் தாராக்களை மிதக்கவிட்டு, நடுவில் இறங்க இடம் விடுவார்கள். சிறகுச் சத்தம் தலைக்கு மேலே கேட்டதும் அண்ணாந்து பார்க்கத்தான் மனம் வரும். பார்க்காதீர்கள். முகம் தெரிந்தால் கூட்டம் அப்படியே திரும்பிவிடும், பக்கத்தில் இருப்பவர் நாள் முழுக்க உங்களோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

சூரியன் உதிக்க அரை மணி நேரத்துக்கு முன்பு சுடத் தொடங்கலாம். துவக்கில் 3 தோட்டாவுக்கு மேல் கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 தாரா. தோட்டாவுக்குள் இருக்கிற சிறு குண்டுதான் சன்னம்; ஈயச் சன்னம் தடை. சுட்டது போக அடிச்சேற்றில் கிடக்கிற சன்னத்தைத் தாரா கல் என்று விழுங்கி, நஞ்சேறிச் செத்துவிடும். அதனால் இரும்புச் சன்னம் பாவிக்கிறார்கள்.

இனி ஒரு விசயம். வன்னியில் கடைசிப் போர் நடந்த 2009 இல் நீங்கள் சிறுபிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். அந்த மறைப்புக்குள் வெடி காதடியில்தான் வெடிக்கும். காதடைப்பான் கட்டாயம் போடுங்கள். போட்டும் நெஞ்சு படபடத்தால் வெட்கப்படாமல் சொல்லிவிட்டு வந்து காருக்குள் இருங்கள். துவக்குப் பிடிப்பதா என்று யோசிப்பது அதற்குப் பிறகு.

இறைச்சி தந்தால் வாங்கலாம், காசு மட்டும் கொடுக்காதீர்கள். இந்தப் பறவையை விற்பதும் காசுக்கு வாங்குவதும் குற்றம். தோலை உரித்துவிட்டு மிளகு கூடப் போட்டுச் சமையுங்கள், சேற்று வாடை போய்விடும். சாப்பிடும்போது சன்னம் பல்லில் கடிபடும், பிள்ளைகளுக்குப் பிய்த்துப் பார்த்துக் கொடுங்கள்.